பன்னிரண்டரைச் சுற்று

கல்லூரியில் முதலாண்டு படித்தபோது, விளையாட்டு விழாவில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தேன். துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்தேன். முதற்சுற்றைத் தொண்ணூறு விநாடிகளில் முடித்து எல்லோருக்கும் முன்னே சென்றேன். நண்பர்கள் ஆரவாரம் செய்தார்கள். நான்காம் சுற்றில் மூச்சு முட்டியது. ஆறாம் சுற்றில் கால்கள் கல்லாய்க் கனத்தன. ஏழாம் சுற்றில் நடந்தேன். என்னைக் கடந்து சென்றவர்களுள் ஒருவன், குறுகிய ஓட்டங்களில் என்னிடம் பலமுறை தோற்றவன். அவன் என்னைவிட வலியவன் அல்லன், கணக்கறிந்தவன். அந்தக் கணக்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நானூறு மீட்டர் தடத்தில் ஐயாயிரம் மீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. 25 நிமிஷத்தில் ஓடி முடிக்கச் சுற்றுக்கு 2 நிமிஷம் போதும். முதற்சுற்றில் 30 விநாடிகளை மிச்சம் பிடித்துவிட்டதாக நான் எண்ணினேன். உண்மையில் அது சேமிப்பன்று, கடன். தசைகளுக்குத் தேவையான பிராணவாயுவை இருதயமும் இரத்தமும் கொண்டுவந்து சேர்க்கும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தொடக்கத்திலேயே வெகுவாக மீறினால், களைப்பு விரைந்து சூழ்கிறது. அரை நிமிஷக் கடனுக்குப் பல நிமிஷங்களை வட்டியாகக் கொடுத்தேன்.

பெருவீரர்களும் இக்கணக்கிற்குக் கட்டுப்பட்டவர்களே. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களையும் ஒரே நாளில் வென்ற பின்லாந்து வீரர் பாவோ நூர்மி, கையில் கடிகாரம் ஏந்தி ஓடியதற்குப் புகழ் பெற்றவர். உகாண்டா நாட்டு ஜோஷுவா செப்டகெய் 2020இல் மொனாக்கோவில் 12 நிமிஷம் 35.36 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். சராசரியாகச் சுற்றுக்கு அறுபது விநாடிகளுக்குச் சற்றே மேல்! தடத்தின் உட்புற ஓரத்தில் வரிசையாக ஒளிர்ந்த விளக்குகள் அவருக்கு வேகத்தை உணர்த்தின.

கணக்கு மட்டும் போதுமா? போதாது, அதைத் தாங்கும் உடலும் வேண்டும். வாரத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நிதானமாக ஓடுங்கள். அது இருதயத்தை வலுவாக்கும். தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பெருக்கும். வாரத்தில் ஒருநாள் விரைவுச் சுற்றுகள் ஓடுங்கள். 25 நிமிஷத்தை நாடுபவர், நானூறு மீட்டரை 1 நிமிஷம் 55 விநாடிகளில் ஓடி, இருநூறு மீட்டர் மெல்ல ஓடி இளைப்பாறி, இவ்வாறு ஆறு முறை செய்யலாம். பழகப் பழக எண்ணிக்கையைக் கூட்டலாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றையும் வென்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் ஜாடோபெக், இத்தகைய சுற்றுகளை மிகப் பலவாக ஓடிப் பழகியவர். அங்கே 5,000 மீட்டரின் கடைசிச் சுற்றில் நான்காம் இடத்திற்குத் தள்ளப்பட்ட அவர், இறுதி வளைவில் முன்னேறி வென்றார். வாரத்தில் ஒருநாளேனும் முழு ஓய்வு கொள்ளுங்கள். நெஞ்சு வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுங்கள்.

போட்டியில் முதல் கிலோமீட்டர், "இவ்வளவு மெதுவாகவா?" என்று தோன்றவேண்டும். மூன்றாவது கிலோமீட்டரே உண்மையான சோதனை. புத்துணர்ச்சி போய்விட்டிருக்கும், முடிவோ கண்ணுக்குத் தெரியாது. நாம் அறியாமலே வேகம் குறையும் இடம் அது. அங்கே ஒவ்வொரு சுற்றையும் எண்ணி ஓடுங்கள். மிச்சமுள்ள வலிமையைக் கடைசி ஒன்றரைச் சுற்றில் செலவிடுங்கள்.

மறுவருஷம் மீண்டும் ஓடினேன். முதற்சுற்றின் முடிவில் நானே கடைசி. நண்பர்கள் நகைத்தார்கள், வெட்கத்தால் கால்கள் துடித்தன. ஆயினும் கடிகாரம் இரண்டு நிமிஷம் என்றது, அதையே நம்பினேன். ஒவ்வொருவராகப் பின்தங்கினர். 24 நிமிஷம் 45 விநாடிகளில் நான்காமவனாக முடித்தேன். பரிசு இல்லை. ஆனால் ஒரு சுற்றிலும் நான் நடக்கவில்லை.

மாணவ நண்பர்களே, முதற்சுற்றில் எழும் கைதட்டலுக்காக ஓடாதீர்கள். பன்னிரண்டரைச் சுற்றுக்காக ஓடுங்கள்.