தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்



ஆங்கிலம் கற்கத் தொடங்கியிருக்கும் ஒரு கிரேக்க இளைஞரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950, 1960ஆம் ஆண்டுகளில் கிரேக்கர்கள் ஆயிரக்கணக்கில் சென்று குடியேறிய நகரம் அது. உடன் வேலை செய்பவர் ஒருவர், "புதிய மேலாளர் எப்படி?" என்று கேட்கிறார். மேலாளர் சிரித்த முகத்தினர், பழகுவதற்கு இனியவர். இதைத்தான் இளைஞர் சொல்ல விரும்புகிறார். "ஹி இஸ் வெரி சிம்பதெட்டிக்" என்கிறார். கேட்டவரின் முகம் மாறிவிடுகிறது. "அடடா, என்ன நடந்தது? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பரிவோடு விசாரிக்கிறார். இளைஞர் விழிக்கிறார். மேலாளரைப் பாராட்டியதற்கு இவர் ஏன் தமக்கு ஆறுதல் சொல்கிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை.

பிழை எங்கே இருக்கிறது? இலக்கணத்தில் இல்லை. உச்சரிப்பிலும் இல்லை. 'சிம்பதி' என்ற ஆங்கிலச் சொல்லில், நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையே வைத்துக் காற்றை வெளிவிட்டு ஒலிக்க வேண்டிய ஓர் எழுத்தொலி உண்டு. தமிழில் அந்த ஒலி இல்லாததால் நாம் அதைத் தகரமாக்கிச் சொல்லிவிடுகிறோம். கிரேக்கருக்கோ அதற்குத் 'தீட்டா' என்று தனி எழுத்தே இருக்கிறது. நம்மைவிட நன்றாகவே அவர் அச்சொல்லைச் சொல்லியிருப்பார். பிழை பொருளில்தான் இருக்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், அந்தச் சொல்லே அவருடைய முன்னோர் சொல். பழைய கிரேக்கத்தில் 'சின்' என்றால் 'உடன்'. 'பாத்தோஸ்' என்றால் ஒருவர் படும் துன்பம், அவர் உள்ளத்து உணர்ச்சி. இரண்டும் சேர்ந்து, பிறர் உணர்வதைத் தானும் உடன் உணர்தல் என்ற பொருளைத் தந்தன. அந்தச் சொல் இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் நடந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. நுழைந்த இடத்தில் அது ஒரு வழியில் வளர்ந்தது. பிறந்த வீட்டில் வேறு வழியில் வளர்ந்தது.

ஆங்கிலத்தில் அது எப்படி வழங்குகிறது என்று முதலில் பார்ப்போம். முதற்பொருள், துன்பப்படுபவர்மீது கொள்ளும் இரக்கம். ஒருவர் இறந்துவிட்டால் அவர் குடும்பத்தாருக்கு அனுப்பும் அட்டையில் அச்சாகியிருக்கும் சொல் 'சிம்பதி'. நம் தேசிய மொழியிலும் 'சிம்பாத்தி' என்று இதே பொருளில் வழங்குவது உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டாவது பொருள், ஒரு கருத்தையோ கோரிக்கையையோ ஆதரவுடன் நோக்குதல். சம்பள உயர்வுக் கோரிக்கைக்கு ஒருவர் 'சிம்பதெட்டிக்' ஆக இருக்கிறார் என்றால், அதை நியாயம் என்று ஏற்கும் மனநிலையில் இருக்கிறார் என்று பொருள். ஒரு தொழிற்சாலையில் நடக்கும் வேலைநிறுத்தத்தை ஆதரித்து வேறொரு தொழிற்சாலையார் வேலையை நிறுத்தினால், அதை நாம் அனுதாப வேலைநிறுத்தம் என்கிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் அங்கேயும் இந்தச் சொல்தான். மூன்றாவதாக ஒரு சிறு வழக்கும் உண்டு. கதையிலோ நாடகத்திலோ வரும் ஒரு பாத்திரம் நம் மனத்தைக் கவர்ந்து நம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால், அதைச் 'சிம்பதெட்டிக்' பாத்திரம் என்பர்.

இன்றைய கிரேக்கத்திலோ 'சிம்பதிதிகோஸ்' என்றால், பார்த்தவுடன் பிடித்துப்போகிறவர், இனியவர் என்றே பொருள். ஒரு சிறிய உணவுக்கடையைக்கூட அவர்கள் இந்தச் சொல்லால் பாராட்டுவார்கள். 'சிம்பதோ' என்ற வினைச்சொல்லுக்கு 'எனக்குப் பிடிக்கும்' என்று பொருள். இரக்கம் அங்கே அடங்கிவிட்டது, விருப்பம் மேலோங்கிவிட்டது. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், ஜெர்மன் ஆகிய மொழிகளிலும் இந்தச் சொல்லின் உறவுகள் இனியவர் என்ற பொருளிலேயே வழங்குகின்றன. ஆகவே கிரேக்க இளைஞர் பேசியது அவருக்கு முழுதும் இயல்பான பேச்சு. தனி வழி போனது ஆங்கிலம்தான்.

அப்படியானால் மரண வீட்டில் கிரேக்கர் என்ன சொல்கிறார்? 'சிலிபிதீரியா' என்கிறார். அதிலும் 'உடன்' என்ற முன்னொட்டு இருக்கிறது. பின்னால் இருப்பது துக்கத்தைக் குறிக்கும் சொல். உடன் துக்கப்படுகிறேன் என்பது கருத்து. இதைத் தெரிந்துகொண்டால் ஒன்று விளங்கும். துக்கத்தில் இருக்கும் ஒரு கிரேக்கரின் கைக்கு ஆங்கிலேய நண்பரின் அட்டை வந்து சேர்கிறது. அதில் 'ஆழ்ந்த சிம்பதி' என்றிருக்கிறது. ஆங்கிலம் அரைகுறையாக அறிந்தவராயின், 'என் தந்தை இறந்த வேளையில், உங்களை எனக்கு மிகவும் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாரே!' என்று அவர் மனம் தடுமாறும்.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல் இதைவிட ஆபத்தானது. அது 'எம்பதி'. பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்த்து உணர்வதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். ஜெர்மன் சொல் ஒன்றுக்கு ஈடாக, கிரேக்க வேர்களைக் கொண்டு 1909ஆம் ஆண்டில் எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியல் அறிஞர் உருவாக்கிய சொல் அது. ஆனால் இன்றைய கிரேக்கத்தில் 'எம்பாதியா' என்றால் பகைமை உணர்ச்சி, காழ்ப்பு! 'எங்கள் தாதியர் நோயாளிகளை எம்பதியுடன் கவனிப்பார்கள்' என்று ஒரு மருத்துவமனை ஆங்கிலத்தில் எழுதி வைத்தால், புதிதாகக் கற்கும் கிரேக்கர் உள்ளே போகத் தயங்கமாட்டாரா? ஆங்கில 'எம்பதி'யின் பொருளைச் சொல்ல அவர்களிடம் 'என்சினேஸ்திசி' என்று வேறு சொல் இருக்கிறது.

நேயர்களே, இதைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம் வீட்டிலும் இதே கதைதான். 'அனுதாபம்' என்ற வடசொல்லுக்கு வடமொழியில் பொருள், தான் செய்ததை எண்ணி வருந்துதல். தமிழில் அது பிறருக்காக வருந்துதல் ஆகிவிட்டது. சொற்கள் ஊர் மாறும்போது இப்படித்தான் குணம் மாறுகின்றன. இதை நான் ஒரு மாணவனிடமிருந்து கற்றுக்கொண்டேன். அதுவும் காலம் கடந்து.

பயிற்சிக் கல்லூரியை முடித்துத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிது. நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மலாய்ப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தோம். 'ஹிடுப் செங்சாரா' என்று ஒரு தொடர் வந்தது. பொருள் கேட்டேன். அதிகம் பேசாத ஒரு பையன் எழுந்து, "சம்சாரத்தோடு வாழ்கிறார், சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆசிரியர் அறையில் போய் அதைச் சொல்லி, மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன். அந்தத் தவணை முழுவதும் அந்தப் பையன் கையைத் தூக்கவே இல்லை.

பிற்காலத்தில்தான் ஓர் அகராதியில் கண்டேன். மலாயில் துன்ப வாழ்வைக் குறிக்கும் 'செங்சாரா'வும், நாம் குடும்பத்தையும் மனைவியையும் குறிக்கும் 'சம்சார'மும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. பிறந்து பிறந்து உழலும் வாழ்க்கைச் சுழல் என்பது மூலப்பொருள். அந்த உறவைத் தன் காதாலேயே கண்டுபிடித்தவன் அந்தப் பையன். அறியாதவன் நான். 'நல்ல காது உனக்கு. இரண்டும் ஒரே வீட்டுச் சொற்கள்தான். ஆனால் மலாயில் இதற்குத் துன்பம் என்று பொருள்' என்று சொல்லியிருந்தால் அவன் வாழ்நாள் முழுவதும் மறந்திருக்கமாட்டான். அவன் இப்போது வளர்ந்து எங்கோ வேலையில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இனி அந்தக் கிரேக்க இளைஞருக்கு நாம் என்ன வழி சொல்லலாம்? ஒன்று, ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை மட்டும் எழுதி மனப்பாடம் செய்யாமல், அது வரும் வாக்கியத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு, சொல்லின் துணையையும் சேர்த்துக் கற்க வேண்டும். கிரேக்கத்தில் 'சிம்பதோ' என்பது 'அவரை' என்ற செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ஆங்கிலத்திலோ 'சிம்பதைஸ்' என்ற வினைக்குப் பின் 'வித்' வர வேண்டும்; 'சிம்பதி'க்குப் பின் பெரும்பாலும் 'ஃபார்' வரும். மூன்று, பேசுமுன் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: 'இங்கே யாருக்காவது துன்பம் இருக்கிறதா? அல்லது ஆதரவு வேண்டி நிற்கும் கோரிக்கை இருக்கிறதா?' இரண்டும் இல்லையென்றால், மேலாளரைப் பற்றி 'ஐ லைக் ஹிம்' என்றோ 'ஹி இஸ் வெரி நைஸ்' என்றோ சொல்லிவிடலாம். எளிய சொல், தப்பாத சொல்.

அறியாத சொல் நம்மை அகராதியிடம் அனுப்பும். அறிந்ததுபோல் தோன்றும் சொல் அனுப்பாது. அதனால்தான் அதனிடம் கூடுதல் கவனம் வேண்டும். பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு சொல்லுக்குத் தவறான பொருள் சொன்னால், சிரிப்பதற்கு முன், "உனக்கு அப்படி ஏன் தோன்றியது?" என்று கேளுங்கள். பதிலில் பல வேளைகளில் ஒரு நல்ல காரணம் இருக்கும். மெல்பர்னில் அந்த இளைஞரிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், அவரும் ஒரு சொல் கற்றிருப்பார். கேட்டவரும் ஒரு சொல் கற்றிருப்பார்.