ஸ்ரீரங்கத்தின் முதலெழுத்து



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தின் பெயரைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். முதல் எழுத்தான 'ஸ்ரீ', 'ஸ' என்ற எழுத்தின் குறியெண்ணிலிருந்தும் பிறக்கும். 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த 'ஶ'விலிருந்தும் பிறக்கும். பெரும்பாலான எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரு வடிவில் பதிந்த பெயர் மறு வடிவில் தேடினால் அகப்படாமல் போகலாம். இணைய முகவரியில் வந்தால் ஆபத்து பெரிது. உண்மைத் தளத்தின் பெயரிலேயே ஒரு போலித் தளம் முளைக்கலாம். கோயிலுக்கு நன்கொடை அனுப்பும் பக்தர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இந்தச் சிக்கலை எந்த அரசாலும் தனியாகத் தீர்க்க முடியாது. எழுத்துகளுக்குக் குறியெண் தருவது கலிபோர்னியாவிலுள்ள யூனிகோடு கூட்டமைப்பு. முகவரிகளின் தலைமைப் பட்டியலைப் பேணுவது, 1998-இல் அதே மாநிலத்தில் தொடங்கிய ஐகான். அதற்காக இந்திய எழுத்துகளை ஆராய்ந்த நியோ-பிராமி என்னும் தன்னார்வலர் குழு, இரண்டு 'ஸ்ரீ'களையும் ஒன்றுக்கொன்று மாற்று வடிவமாகக் கொள்ளும்படி விதி வகுத்தது. '.இந்தியா' போல முகவரியின் கடைசியில் வரும் பெயர்களுக்கான விதி அது. அதற்கு முன்னால் வரும் பெயர்களுக்கு அந்தந்தப் பதிவகம்தான் பொறுப்பு.

இணைய ஆளுகை என்பது இப்படிப்பட்ட முடிவுகளின் தொகுப்பு. நிதின் தேசாய் தலைமையிலான ஐ.நா. பணிக்குழு 2005-இல் அதற்கு வரையறை தந்தது: அரசுகளும் தனியார் துறையும் குடிமைச் சமூகமும் தத்தம் பங்குக்கேற்ப இணையத்தின் வளர்ச்சிக்கும் பயன்பாட்டுக்கும் பொதுவான நெறிகளையும் விதிகளையும் முடிவெடுக்கும் முறைகளையும் உருவாக்கி நடைமுறைப்படுத்துவது. முகவரிப் பட்டியல்மீது அமெரிக்க வணிகத் துறைக்கு இருந்த மேற்பார்வையும் 2016 அக்டோபர் 1-இல் முடிந்தது.

ஆனால் முடிவெடுக்கும் மேசைக்கு வராதவருக்காக அங்கே யாரும் பேசுவதில்லை. முந்திரி, காணி, மா என நம் முன்னோர் நிலத்தையும் நெல்லையும் அளந்த பின்னக் குறிகள் 2019 வரை யூனிகோடில் இல்லை. உரிய சான்றுகளோடு முன்மொழிவு போன பிறகே, அந்த ஆண்டு 51 தமிழ்க் குறிகள் இடம்பெற்றன.

முன்மொழிவு அனுப்பப் பதவி தேவையில்லை. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் உறுப்பினர் கட்டணமோ வாக்கெடுப்போ கிடையாது. வாதத்தின் வலுவே அங்கே செல்லும். திருச்சியில் படித்து வெளியேறும் கணினிப் பொறியாளர்களும் தமிழ் முதுகலையரும் சேர்ந்து உட்காருங்கள். தமிழைத் தொடும் அடுத்த வரைவு விதி கருத்துக் கேட்புக்கு வரும்போது அதைப் படித்து, சான்றோடு பதில் எழுதுங்கள்.