ஊவாச் சோளமும் வறட்சி தாங்கும் விதையும்



பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்குவோர், தேயிலை மலைகள் மெல்ல மறைந்து சேனை நிலங்கள் தோன்றுவதைக் காண்பர். பதுளை மாவட்டத்தின் மகியங்கனை, ரிதிமாலியத்தைப் பகுதிகளும் மொனராகலை மாவட்டமும் சோளத்துக்குப் பேர்போனவை. தமிழகத்தார் மக்காச்சோளம் என்பதையே நாம் சோளம் என்கிறோம். தோட்டத்து லயங்களின் பின்புறத்திலும் நாலு வரிசை நிற்பதுண்டு. அது பிள்ளைகள் சுட்டுத் தின்பதற்கு. சேனைக்காரருக்கோ அதுவே ஆண்டு வருமானம்.

பெரும்போக மழையை நம்பியே இப்பயிர் விதைக்கப்படுகிறது. மழை இடையில் நின்றால் இளம்பயிர் வாடிப் பின் தேறிவிடும். பூக்கும் வேளையில் நின்றாலோ தேறுதல் அரிது. ஏன்?

சோளத்தின் ஆண் பூ உச்சியில் இருக்கிறது. பெண் பூ தண்டின் நடுவில், கதிராக இருக்கிறது. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல் போன்ற இழைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இழைக்கு ஒரு மணி என்பது கணக்கு. மகரந்தம் அந்த இழையில் விழுந்தால்தான் மணி பிடிக்கும். நீர் குறைந்தால் உச்சிப் பூ ஏறக்குறையத் தன் காலத்திலேயே மகரந்தத்தைச் சொரிந்துவிடுகிறது. இழைகளோ பல நாள் பிந்துகின்றன. அவை வெளிவரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். செடி பச்சையாக நிற்கும். உரித்துப் பார்த்தால் கதிர் பொக்கை!

1966ஆம் ஆண்டில் மெக்சிக்கோவில் நிறுவப்பட்ட சர்வதேசச் சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார் இந்த இடைவெளியையே அளவுகோலாகக் கொண்டனர். மழையில்லாப் பருவத்தில் பயிரிட்டு, பூக்குந் தறுவாயில் வேண்டுமென்றே நீரை நிறுத்தி, அப்போதும் இழை பிந்தாத செடிகளைத் தெரிந்தெடுத்தனர். நீர் நிறைந்த சோதனை வயலில் முதலிடம் பெற்ற விதையைச் சேனைக்காரர் கையில் கொடுப்பதைவிட இது எவ்வளவோ நேர்மையான சோதனை என்பது என் கருத்து.

இவ்வாறு தெரிந்த செடிகளைப் பல தலைமுறை தம் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளச் செய்தால் அவை மெலிந்து சிறுக்கும். அத்தகைய இரண்டு வழிகளை ஒட்டினால் பிறக்கும் பயிர் ஓங்கி வளரும். இதுவே கலப்பினம். 1908இல் அமெரிக்கரான ஷல் இந்த உண்மையை விளக்கினார்.

நோயெதிர்ப்பும் இதனோடு சேரவேண்டும். இலை வெளிறிக் கோடிட்டு, விடியலில் அடிப்புறம் வெண்பூசணம் படரும் நோயைத் தாங்கும் ‘சுவான்’ இனத்தைத் தாய்லாந்து அறிஞர் 1970களில் உருவாக்கினர். ஆனால் 2018இல் நம் நாட்டுக்குள் புகுந்த சேனா படைப்புழு வேறு வகைப் பகைவன். வறட்சியைத் தாங்கும் குணம் அதன் வாயைக் கட்டாது. குருத்தைப் பிரித்துப் பார்த்து முட்டைக் குவியலை நசுக்கும் வேலை இன்றும் விவசாயிக்கு உண்டு.

இனி விதைச் செலவு. கலப்பினத்தின் மணியை எடுத்து மறுபோகம் விதைத்தால் பயிர் ஏற்றத்தாழ்வாக வளர்ந்து விளைச்சல் குன்றும். ஆகவே ஒவ்வொரு போகமும் புதுவிதை வாங்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவதாயின் அந்த விலையும் சேரும். மழை பொய்த்தால் விளைச்சலோடு விதைக் கடனும் தலைமேல் நிற்கும். மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்தார் 2004இல் ‘சம்பத்’ என்ற உள்நாட்டுக் கலப்பினத்தை வெளியிட்டது இதனாலேயே முக்கியமாகிறது. ‘பத்ரா’, ‘ருவன்’ போன்ற பொது இனங்களோ கலப்பினத்தளவு விளையா. எனினும் வயலின் நடுவிலிருந்து நல்ல கதிர்களைத் தெரிந்து உலர்த்தி வைத்தால் அடுத்த பெரும்போகத்துக்கு உதவும். அயல் வயலில் வேறினம் அதே நாளில் பூத்தால் மகரந்தம் காற்றில் வந்து கலந்துவிடும். ஆதலால் விதைக்கு விடுவோர் விதைக்கும் நாளை அயலாரோடு பேசி முன்பின்னாக வைத்துக்கொள்ள வேண்டும்.