பன்றித் தீவனம் படிக்கும் பிள்ளைகளுக்காக



கால்நடை மருத்துவம் முடித்த ஒரு பெண், "பன்றித் தீவனத்தில் முதுநிலை ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும். "வேறு பிராணியே கிடைக்கவில்லையா?" என்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அவர்கள் செய்யும் வேலையைக் கேளுங்கள். வெண்பன்றிக் குட்டியைத் தனிக் கூண்டில் விட்டு, போட்ட தீவனத்தை நிறுக்கிறார்கள். தின்றதுபோக மிச்சத்தையும் நிறுக்கிறார்கள். சாணத்தையும் மூத்திரத்தையும் தனித்தனியே பிடிக்கிறார்கள். சாணத்தில் ஒரு பங்கைக் காயவைத்துப் பொடித்து, கந்தக அமிலத்தில் வேகவைத்து, நைட்ரஜனை அளக்கிறார்கள். அந்த எண்ணை 6.25ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு. உள்ளே போனதில், சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்ததைக் கழித்தால், உடம்பில் தங்கியது தெரியும். நாள் தவறாமல், நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் செய்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இதைவிடப் பொறுமையான படிப்பு எனக்குத் தெரியவில்லை.

எதற்கு இத்தனை பாடு? பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. மக்காச்சோளத்திலும் அரிசியிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. செங்கல் மலைபோலக் குவிந்திருந்தாலும் சிமென்ட் தீர்ந்தால் கொத்தனார் கை நின்றுவிடும் அல்லவா? லைசின் போதாவிட்டால் மற்ற அமினோ அமிலங்களில் மிஞ்சுவது தசையாகாது; அதன் நைட்ரஜன் மூத்திரத்தில் போகிறது. போவது விவசாயியின் காசு ஐயா!

இந்தப் படிப்பு பன்றியோடு நிற்பதுமில்லை. பன்றியின் செரிமானம் நம்முடையதற்கு மிக நெருக்கமானது. உணவுப் புரதத்தின் தரத்தை மனிதரிடம் நேரடியாக அளக்க முடியாதபோது, வளரும் பன்றியிடம் அளக்கலாம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. எலிக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். இங்கே பலர் ஓட்டல் மிச்சத்தை வாங்கிப் போட்டுத்தான் பன்றி வளர்க்கிறார்கள். இன்றைக்கு வாளி நிறையச் சோறு, நாளைக்கு எலும்பும் குழம்பும். தினம் மாறும் இந்த வாளியோடு எந்தப் பிண்ணாக்கை, எவ்வளவு சேர்ப்பது? அதைச் சொல்ல அளந்து பார்த்தவர் வேண்டும். ஓட்டல் மிச்சத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புகுந்தது. மனிதருக்கு அது தொற்றாது. பன்றிக் கூட்டத்தையே அழித்துவிடும். வேகவைக்காத மிச்சத்தில் இருக்கும் பன்றி இறைச்சித் துண்டு வழியாகவும் அது பரவும். நன்றாகக் கொதிக்க வைத்துப் போடுங்கள் என்று பண்ணைக்காரரிடம் உரிமையோடு சொல்லவும் இந்தப் பிள்ளைகள்தான் வேண்டும்.

விழாக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். காட்டுப்பாக்கத்தில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றிப் பண்ணை இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அங்கே ஆராய்ச்சி செய்யும் மாணவர் ஒருவரை அழையுங்கள். ஓட்டல் மிச்சம் போட்டு வளர்க்கும் பண்ணைக்காரர் ஒருவரையும் இதே மேடையில் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் கேள்வியை அவர் கேட்கட்டும்.