கல்லெறி தூரத்தில் ஒரு வானொலி



அண்ணனின் நினைவுச் சொற்பொழிவில் வானொலியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். கிறித்தவ வானொலி என்றதும் இன்னும் யோசித்தார்கள். தலித் இலக்கிய மேடையில் அதற்கென்ன வேலை என்ற கேள்வி நியாயமானதுதான். அதனால் ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறோம்.

எண்பதுகளின் இறுதியில் எங்கள் சேரியில் மூன்று வானொலிப் பெட்டிகள் இருந்தன. அதில் ஒன்று உபதேசியார் வீட்டுத் திண்ணையில். இரவுச் சாப்பாடு முடிந்து, சிற்றலையில் முள்ளை மெல்ல நகர்த்தினால் இரைச்சலுக்கு நடுவிலிருந்து தமிழ் வரும். பாட்டு, ஜெபம், வேதபாடம். முடியும்போது ஒரு குரல், "அன்பான நேயர்களே, எங்களுக்கு எழுதுங்கள்" என்று சொல்லும். அதுவரை எங்களை யாரும் "அன்பான" என்று அழைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகச் சாதியைச் சொல்லி எழுப்பி நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

எழுதச் சொன்னார்களே என்று எழுதினோம். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது. இருபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டோம். கேள்வி ஒன்றே ஒன்று: எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பிணங்களுக்கு மட்டும் ஏன் தனிப் பகுதி? இரண்டு மாதம் கழித்து உறை வந்தது. உள்ளே வழவழப்பான ஒரு நாட்காட்டியும் அஞ்சல்வழி வேதபாடத்தின் முதல் பாடமும் இருந்தன. கேள்விக்குப் பதில் இல்லை. எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் குரலுக்குரியவர் நல்லவராகவே இருந்திருப்பார். நாட்காட்டியை அண்ணன் ஓராண்டு முழுக்கச் சுவரில் மாட்டியிருந்தார். கேலிக்கா, ஆசைக்கா என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்தக் குரல் ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தது? இந்தியாவில் அப்போது காற்றலை முழுக்க அரசின் கையில். ஆகவே தமிழில் நற்செய்தி சொல்ல விரும்பியவர்கள் கடலைத் தாண்டிக் கோபுரம் கட்டினார்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் உலக லுத்தரன் சம்மேளனம் ஒரு நிலையம் கட்டியது; 1963 பிப்ரவரியில் பேரரசர் ஹைலி செலாசி திறந்துவைத்தார். அது ஒலிபரப்பிய மொழிகளில் தமிழும் ஒன்று. நிகழ்ச்சிகளில் முப்பது விழுக்காடுதான் நேரடி மதப் பிரசங்கம், எழுபது விழுக்காடு கல்வியும் தகவலும் என்பது அதன் கொள்கை. இதை நாம் மதிக்கவேண்டும். ஆனால் 1977 மார்ச்சில் ராணுவ ஆட்சி அந்த நிலையத்தைக் கைப்பற்றிப் புரட்சிகர எத்தியோப்பியாவின் குரல் என்று பெயர் மாற்றியபோது, தமிழ்க் கிராமத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு நடந்தது இவ்வளவுதான்: ஒரு நாள் முள்ளைத் திருப்பினார், குரல் இல்லை. கட்டியபோதும் அவரைக் கேட்கவில்லை, பறித்தபோதும் கேட்கவில்லை.

இதை வேறு ஒரு நிலத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அங்கும் கிறித்தவ வானொலி மேலிருந்துதான் வந்தது. 1931 கிறிஸ்துமஸ் அன்று எக்வடோர் நாட்டின் கீட்டோ நகரில் அமெரிக்க மிஷனரிகள் எச்.சி.ஜே.பி. நிலையத்தைத் தொடங்கினார்கள். கொலம்பியாவில் 1947இல் ஹோசே ஹோவாகின் சல்செதோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் சுத்தாதென்சா என்ற மலைக் கிராமத்தில் விவசாயிகளுக்கு எழுத்தறிவிக்க ஒரு வானொலி தொடங்கினார். அதற்காகக் கொடுத்த பெட்டிகளில் அந்த ஒரு நிலையம் மட்டுமே கேட்கும். வேறெதற்கும் திருப்ப முடியாது. கல்வி கொடுக்கும் கையே காதைப் பூட்டியும் வைத்தது. சமூகவியல் வகுப்பில் மேலாண்மை என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். இந்தப் பெட்டியைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும்.

அந்த மாதிரி கண்டம் முழுக்கப் பரவியது. எக்வடோரின் ரியோபம்பாவில் ஆயர் லியோனிடாஸ் ப்ரோவான்யோ 1962இல் வானொலிப் பள்ளிகளைத் தொடங்கினார். அங்கே பழங்குடிகள் உவாசிபுங்கோ என்ற முறையில் பண்ணைகளில் கட்டுண்டு கிடந்தார்கள். ஒரு துண்டு நிலம் கொடுத்து வாழ்நாள் உழைப்பை எடுத்துக்கொள்கிற முறை. நம் பண்ணையாள் முறையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்நாட்டில் 1970களின் இறுதிவரை வாக்குரிமை கிடையாது. அதாவது எழுத்தறிவு அங்கே வெறும் அறிவு இல்லை, ஓட்டு. ப்ரோவான்யோ திருச்சபையின் பண்ணை நிலத்தையே பழங்குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்தவர். 1976இல் அவரையும் அவரோடு கூடியிருந்த பல நாட்டு ஆயர்களையும் ராணுவ அரசு கைது செய்தது.

ஆனால் நாங்கள் அண்ணனிடம் அடிக்கடி சொன்ன கதை பொலிவியாவினுடையது. சிக்லோ பெய்ந்தே என்ற ஈயச் சுரங்க ஊர். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டுச் சொந்தமாகத் தொழிற்சங்க வானொலிகள் நடத்தினார்கள். பாதிரியாரோ அரசோ நடத்தியதல்ல, கூலிக்காரர்கள் நடத்தியது! அவர்களுக்கு எதிராக, கம்யூனிசத்தை விரட்டுவதற்காக, 1959இல் கனடாவிலிருந்து வந்த ஒப்ளேட் சபைப் பாதிரியார்கள் பன்னிரண்டாம் பயஸ் வானொலியைத் தொடங்கினார்கள். அது சங்கத்தைத் தாக்கியது, சங்க வானொலி திருப்பித் தாக்கியது. ஊர் கொதித்தது.

பிறகு அந்த நிலையம் மாறியது. எப்படி? அந்தப் பாதிரியார்கள் அங்கேயே குடியிருந்தார்கள். நுரையீரலில் தூசி படிந்து செத்தவர்களைப் புதைத்தார்கள். 1967 ஜூன் 24, புனித யோவான் திருநாள் விடியலில், தீ மூட்டிக் கொண்டாடி ஓய்ந்திருந்த குடும்பங்கள்மீது ராணுவம் சுட்டதை அவர்கள் செய்தித்தாளில் படிக்கவில்லை, சன்னலிலிருந்து பார்த்தார்கள். சங்கத்தை ஒழிக்க வந்த வானொலி, சங்கத்தின் பக்கம் வந்து நின்றது. 1975 ஜனவரியில் ராணுவம் சுரங்க ஊர் வானொலிகளை உடைத்தபோது பயஸ் வானொலியும் சேர்ந்தே உடைபட்டது. தொழிலாளர்கள் வானொலியைத் திருப்பிக் கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்கு வேலை நிறுத்தம் பார்த்திருக்கிறோம், குரலுக்காகப் பார்த்திருக்கிறோமா? அதே ஆண்டு அந்த ஊரின் இல்லத்தரசிகள் குழுத் தலைவி டொமிட்டிலா பாரியோஸ் மெக்சிகோவில் உலகப் பெண்கள் கூடிய மேடையில் ஏறிப் பேசினார்.

அங்கே மாறியது, இங்கே ஏன் மாறவில்லை? அங்கே இருந்தவர்கள் புனிதர்கள் என்பதாலா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அங்கே நிலையம் கேட்பவரின் கல்லெறி தூரத்தில் இருந்தது. கோபம் வந்தால் போய்க் கதவைத் தட்டலாம். பக்கத்திலேயே தொழிலாளியின் சொந்த வானொலி இருந்தது. பொய் சொன்னால் மறுநாளே மறுப்பு வரும். நமக்குக் கிடைத்த குரலோ நூறு கிலோவாட் பலத்தோடு கடல் தாண்டி வந்தது. நம் குரல் ஒரு அஞ்சல் உறைக்குள் போனது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்கு இன்றும் மூடியிருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஊரறிந்தது. இவற்றைக் கேட்க அந்தத் திண்ணையில் ஆள் இருந்தார்கள், ஒலிவாங்கிதான் இல்லை.

மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காற்றலை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான நீதிபதி பி.பி.சாவந்த், 2008 அக்டோபர் 15 அன்று தெலுங்குநாட்டின் மாச்னூரில் ஒரு சிறு நிலையத்தைத் திறந்துவைத்தார். சங்கம் வானொலி. நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். ஜெனரல் நர்சம்மா, அல்கோல் நர்சம்மா என்ற இருவர் முதலிலிருந்தே அதன் முகங்கள். மதப் பிரச்சார வானொலி இல்லை. விதை, கம்பு, கேழ்வரகு, மருந்துச்செடி, பாட்டு. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மட்டுமே எட்டும். பேசுகிறவளைக் கேட்கிறவள் மறுநாள் களத்துமேட்டில் பார்த்து, "நேற்று நீ சொன்னது தப்பு" என்று சொல்லலாம்.

அதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது. சமூக வானொலிகள் தாங்களாகச் செய்தி சொல்லக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் எடுத்துக்கொள்ளலாம். கம்பு விதையைப் பற்றிப் பேசலாம். சேரியில் வீடு எரிந்தால் அதைச் செய்தியாகச் சொல்ல முடியாது. சுத்தாதென்சாவின் பெட்டி நினைவுக்கு வருகிறது. இந்தத் தடையை நீக்கக் கோரும் விண்ணப்பம் வாசலில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அண்ணன் அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எழுதி வைத்திருந்தார். போன மாதம் அவர் பெட்டியிலிருந்து எடுத்தோம். கையெழுத்திட்ட இருபத்தொரு பேரில் ஒன்பது பேர் இன்று இல்லை. ஒன்பது பேரும் அந்தத் தனிப் பகுதியில்தான் இருக்கிறார்கள். அண்ணனையும் அங்கேதான் புதைத்தோம்.