மணிக்கூண்டின் ஓட்டைகள்



எங்கள் ஆலயம் வயல்களின் நடுவே இருக்கிறது. சென்ற ஆண்டு மே மாதத் திருவிழாவுக்கு முன், மணிக்கூண்டுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டோம். மேலே ஏறியவர், “சாமி, உள்ள பூரா வௌவால் அடைஞ்சு கெடக்கு, ஒரே நாத்தம்” என்றார். பங்குப் பேரவையில் இதைப் பற்றி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. பொழுது சாய்ந்து அவை இரை தேடப் போனதும், சிமெண்ட் வைத்து ஓட்டைகளை அடைத்தோம். ஓர் உயிரையும் கொல்லாமல் வேலையை முடித்தோம் என்று எங்களுக்குத் திருப்தி வேறு!

மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் ஓர் ஓட்டையைத் திறந்தோம். உள்ளே குட்டிகள். ரோமம்கூடச் சரியாக முளைக்காத, பறக்கத் தெரியாத குட்டிகள். பால் கொடுக்க வந்த தாய்கள் விடியும்வரை சுவரைச் சுற்றிச் சுற்றி வந்ததைக் கோயில்பிள்ளை பார்த்திருக்கிறார். எங்களிடம் சொல்ல அவருக்குத் தயக்கம். சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருப்போமா?

லேவியர் நூலின் 11ஆம் அதிகாரத்தில், உண்ணத் தகாத பறவைகளின் வரிசையில் கடைசியாக வருவது வௌவால். அது உணவைப் பற்றிய சட்டம். நாமோ அதை, ‘வௌவால் இருக்கவே கூடாது’ என்று வாசித்துவிட்டோம். நாட்டின் சட்டமும் நெடுங்காலம் பழந்தின்னி வௌவால்களை மதிக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தப் பட்டியலை நீக்கியது.

எங்கள் கூண்டில் இருந்தவை பழம் தின்பவை அல்ல, பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். இவற்றில் பல வகைகள் 10 கிராம்கூட எடை வராது. ஆனாலும் பால் கொடுக்கும் தாய் ஒன்று, ஒரே இரவில் தன் எடையில் பாதிக்கு மேல் பூச்சி தின்றுவிடும். நெல்லில் குருத்தைக் காயவைக்கும் தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி பறப்பது இரவில்தான். நாம் உறங்கும் நேரத்தில் அதைப் பிடிக்க வேறு யார் இருக்கிறார்கள்? ஸ்பெயின் நாட்டில் எப்ரோ ஆற்றின் கழிமுகத்து நெல்வயல்களில் மரப்பெட்டிகளை வைத்து வௌவால்களைக் குடியேற்றினார்கள். பெட்டிகள் நிறைய நிறையத் துளைப்பான் தொல்லை குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாமோ இருந்த கூட்டையே அடைத்துவிட்டு, மருந்துக்கடையில் வரிசையில் நிற்கிறோம்.

பழந்தின்னிகளால் கொய்யாத் தோப்புக்காரருக்கு நட்டம் உண்டு, மறுக்கவில்லை. வலை போட்டுக் காக்கலாம். ஆனால் இலுப்பை விதையைத் தாய்மரத்தைவிட்டுத் தூரமாகக் கொண்டுபோய்ப் போடுவது அவைதான். திருச்சி மாவட்டத்துத் தோப்புப்பட்டியில், ஆலமரத்து வௌவால்கள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடி கேட்டு அழும் பிள்ளையையும் சமாதானப்படுத்தி வைத்திருக்கும் ஊர் அது!

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா காய்ச்சல் உயிர்களைப் பறித்தது நமக்கு நினைவிருக்கிறது. வௌவால் கடித்துப் போட்ட பழத்தை உண்ண வேண்டாம். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடைத்தே ஆகவேண்டிய இடமென்றால், குட்டிகள் பறந்து போகும்வரை பொறுத்திருந்து அடையுங்கள்.

இந்த ஆண்டு மணிக்கூண்டின் கிழக்குப் பக்கத்து ஓட்டைகளை மறுபடி திறந்து, அடியில் ஒரு பலகை போட்டோம். விழும் எச்சத்தை முகமூடி கட்டிக்கொண்டு வாரி, கல்லறைத் தோட்டத்துச் செடிகளுக்குப் போடுகிறோம். போன வாரம் மாலைச் செபமணி அடித்தபின் கோயில்பிள்ளை நின்று எண்ணியிருக்கிறார். 11 வெளியே போயினவாம். முன்பெல்லாம் எண்ணவே முடியாது என்கிறார்.