நான்கு முக்கோணம், ஒரு சதுரம்

கோடு போட்ட துணி என்றால் ஒட்டுத்தையல்காரர்களுக்குக் கொஞ்சம் தயக்கம்தான். கத்தரி நூலளவு சாய்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பூப்போட்ட துணி அப்படியில்லை, கோணலை மறைத்துக்கொள்ளும்.

கேஃப் ஃபாசெட்டுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. 1937இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, 1964இல் லண்டனில் குடியேறிய ஓவியர். பின்னல், குவில்ட் (ஒட்டுத்தையல் போர்வை) என்று நிறங்களோடு விளையாடியவர். குவில்ட்டுக்காக அவர் வடிவமைத்த கோட்டுத் துணிகளில் பல, இந்தியத் தறிகளில் நெய்தவை.

அத்தகைய துணியில் ஒரு வேடிக்கை செய்யலாம். கோடுகள் நீளவாக்கில் ஓடும்படி ஒரு பட்டை எடுத்து, நிமிர்ந்ததும் கவிழ்ந்ததுமாக இருசமபக்கச் செங்கோண முக்கோணங்கள் வெட்டவேண்டும். நிமிர்ந்ததன் அடியில் சிவப்பு என்றால், கவிழ்ந்ததன் அடியில் மஞ்சள். ஒரே இனமாக நான்கை எடுத்து, செங்கோண முனைகள் நடுவில் கூடும்படி தைத்தால் சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொன்று! மற்ற நான்கிலும் அதே கோலம்தான். நிறம் மட்டும் உள்ளேயுள்ளது வெளியே, வெளியேயுள்ளது உள்ளே.

சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். வெட்டுமுன் கஞ்சி போட்டுத் தேய்த்துவிட்டால் அடங்கும். மிஞ்சிய துணியைச் சாய்வாக வெட்டி ஓரப்பட்டி தைத்தால், முறுக்கு மிட்டாய் மாதிரி சுற்றிவரும்.

கோட்டுத் துணி இல்லாவிட்டால்? அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில் ஆனி மே யங் 1976இல் கோடுகளைத் தாமே தைத்தார்: நடுவில் பளிச்சென்ற கார்டுராய்ப் பட்டைகள், சுற்றிலும் உழைத்துத் தேய்ந்த டெனிம். அவ்வூர் டெனிம் குவில்ட்டுகளில், பிரித்தெடுத்த பாக்கெட் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாகத் தெரியும்.